கடலில் பிறந்ததா, கையில் வளர்ந்ததா?

2024ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு எங்கள் மகளின் மகன் சிங்கப்பூரிலிருந்து தூத்துக்குடி வந்திருந்தான். பதினான்கு வயதுப் பிள்ளை. வந்து இறங்கியவன், பெட்டியைத் திறக்குமுன் கைப்பேசியைத் திறந்து இரண்டு படங்களை எங்கள் முன் நீட்டினான். ஒன்றில், உள்ளங்கை அகலத்தில், சிவப்பும் பச்சையும் இழையோட, மூளையின் மடிப்புகளைப் போல வளைந்து சுருண்ட சதைப்பற்றான பவளம். மற்றதில், சிறு சிமெண்டு வில்லையின்மேல் சுண்டுவிரல் உயரத்துக்கு நின்ற ஊதாநிறக் கிளை. முன்னது இந்தோனேசியக் கடலடியிலிருந்து எடுத்து வந்தது. பின்னது அதே நாட்டில், பாலித் தீவின் கரையோரப் பண்ணை ஒன்றில் வளர்த்தது. அவன் வீட்டில் வைத்திருக்கும் கடல்நீர்த் தொட்டியில் இன்னும் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறதாம். அவனுடைய தந்தையும் ஒன்றுக்குத்தான் பணம் தருவாராம்.

"எதை வாங்கலாம், தாத்தா?"

கேள்வி எளியதுதான். ஆனால் எங்களுக்கு உடனே வாய் வரவில்லை. அவன் அறியாத செய்தி ஒன்று உண்டு. அவனுடைய பூட்டனார் பவளத்தைக் கடலிலிருந்து பெயர்த்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கு விற்றுப் பிழைத்தவர். அன்றிரவு அவன் படுத்துறங்கிய அறையின் சுவர்ப்பூச்சே அந்தச் சுண்ணாம்புதான். எங்கள் இளமையில் கிறிஸ்துமஸ் குடில் கட்டும்போது, மலையும் குகையுமாக நாங்கள் அடுக்கியவை வெள்ளை வெளேரென்ற பவளக் கற்களே. காகிதத்தில் சாயம் பூசிப் பாறை செய்ய வேண்டிய தேவை எங்கள் தெருவில் எவருக்கும் இருந்ததில்லை. கல் மூட்டை மூட்டையாகக் கிடைத்தது.

கழுத்தில் அணியும் செம்பவளம் வேறு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அது பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வரும் சரக்கு. நாங்கள் பேசுவது பாறை கட்டும் பவளத்தை. பழைய மனிதர்கள் அதை முருகைக்கல் என்பார்கள். தொழில் செய்தவர்களுக்கு அது வெறும் 'கல்'. அதற்கு உயிர் உண்டு என்பதை அந்தப் பெயரிலிருந்து ஒருவரும் அறிய முடியாது.

திருநாள் கழிந்த பின் பேரனை அழைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டோம். தொட்டிக்குள் பவளம் வைப்பவன் அதைச் சுவருக்குள்ளும் ஒருமுறை பார்த்துவிடட்டும் என்பது எங்கள் எண்ணம்.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் அழிந்த ஊர் தனுஷ்கோடி. மாதா கோவிலின் முன்சுவரும் பலிபீடம் இருந்த இடத்தின் சுவரும் கூரையின்றி இன்றும் நிற்கின்றன. வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சுவரருகே சென்று பார்ப்பவர் சிலரே. சாந்து உதிர்ந்த இடங்களில் கற்கள் தெரிகின்றன. அவை செங்கற்கள் அல்ல, கருங்கற்களும் அல்ல, பவளக் கற்கள். ஒன்றில் தேனடையைப் போல நெருங்கிய குழிகள். ஒன்றில் நட்சத்திரம் நட்சத்திரமாக முத்திரை குத்தியது போன்ற அடையாளங்கள். இன்னொன்றில் படத்தில் பார்த்தோமே, அதே மூளை மடிப்பு. ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் குடியிருந்த வீடு.

பேரன் அதை விளக்கிய விதத்தைக் கேட்டு வியந்தோம். பள்ளியில் படித்ததைவிடத் தொட்டியிடம் படித்ததுதான் அதிகம் போலும். பூவின் வடிவில், பலவற்றில் கடுகளவே இருக்கும் மெல்லிய உயிர்கள் ஆயிரமாயிரம் கூடி வாழ்வதே பவளம். கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தைப் பிரித்தெடுத்து, தம் காலடியில் தாமே கல்லாகக் கட்டிக்கொள்கின்றன. அவற்றின் சதைக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. அது வெயிலில் உணவு சமைத்து, பெரும்பங்கை வீட்டுக்காரனுக்கு வாடகையாகக் கொடுத்துவிடுகிறது. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் இந்தக் குடித்தனம் முறிந்து, பாசி வெளியேறிவிடும். அப்போது பவளம் வெளுத்து, பட்டினி கிடந்து, சூடு தணியாவிட்டால் செத்துப்போகும்.

"தாத்தா, இது என்ன வேகத்தில் வளரும் தெரியுமா?" என்று கேட்டுச் சுவரில் இருந்த உருண்டைக் கல்லொன்றின் நடுவிலிருந்து விளிம்புவரை சாண் போட்டான். இத்தகைய உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கின்றன. கிளைவிடும் சாதிகளோ நல்ல கடலில் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளரும். அவன் சாணுக்குள் அடங்கிய கல் அவனைவிட மூத்தது. ஆள் உயரப் பாறை என்றால் நூறாண்டுக்கு மேல் ஆகும். எங்கள் வீட்டுப் பெரியவர் நாளொன்றுக்கு ஒரு வள்ளம் கல் கொண்டுவந்ததைப் பெருமையாகச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கணக்கை ஆண்டுகளில் போட்டுப் பார்த்தது அன்றுதான்.

கரையில் ஒதுங்கிக் கிடந்த வெள்ளைத் துண்டு ஒன்றைப் பேரன் கையில் எடுத்தான். தொட்டியில் வைக்க ஊருக்குக் கொண்டு போகலாமா என்று கேட்டான். கூடாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001 ஜூலையில், பாறை கட்டும் பவளங்கள் யாவும் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியல் அது. உயிருள்ளது, செத்தது என்ற வேறுபாடு இல்லை. இராமேஸ்வரம் போய்வரும் நம் பங்கு மக்கள், அலங்காரத்துக்கென்று ஒளிவுமறைவாக யாரேனும் பவளத் துண்டை நீட்டினால் வாங்கிவிட வேண்டாம். வாங்குபவரும் குற்றவாளியே. பேரன் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

ஆக, நம் நாட்டுக் கடலைப் பொறுத்தவரை அவன் கேள்விக்கு இடமே இல்லை. இந்தியக் கடலின் பவளத்தை வீட்டுத் தொட்டிக்கு எடுப்பது என்ற பேச்சே எழக்கூடாது. இந்தோனேசியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் எடுக்கும் அளவுக்கு ஆண்டுதோறும் வரம்பு கட்டி, அனுமதிச் சீட்டுடன் ஏற்றுமதி செய்கின்றன. சிங்கப்பூர்க் கடைகளுக்கு வருபவை அவைதாம்.

மறுநாள் பாம்பனில், வனத்துறையின் அனுமதியுடன் செல்லும் படகொன்றில் குருசடைத் தீவுப் பக்கம் போனோம். பெயரைக் கேட்டதும் நம் ஊர்த் தெருமுனைக் குருசடி நினைவுக்கு வரும். இராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளில் இதுவும் ஒன்று. 1986இல் இத்தீவுகளும் சுற்றுக்கடலும் மன்னார் வளைகுடாக் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. முன்பெல்லாம் தூத்துக்குடித் தீவுகளில் வலையை உலர்த்தி, மீனைச் சுட்டுத் தின்று, உறங்கி எழுந்து வருவார்கள். இப்போது அனுமதியின்றிக் காலை வைக்க முடியாது. மீனவக் குடும்பங்களுக்கு இதில் மனத்தாங்கல் இருக்கிறது. அது நியாயமற்றது என்றும் எங்களால் சொல்ல முடியவில்லை.

மழை விட்டுச் சில நாள் ஆகியிருந்ததால் நீர் ஓரளவு தெளிந்திருந்தது. முதலில் மணல். பிறகு கடற்புல். அதன்பின், மான்கொம்புகளைக் கவிழ்த்து அடுக்கியது போல் ஒரு தோட்டம். பழுப்பு, மங்கிய பச்சை, நுனிகளில் மட்டும் வெளிர்நீலம். பேரனுக்குச் சற்று ஏமாற்றந்தான். தொட்டியில் நீலவிளக்கின் கீழ் எரியும் நிறங்கள் இங்கே இல்லை. அந்த மின்னல் பாதிக்கு மேல் விளக்கின் வேலை. வெயிலில் வாழும் பவளத்தின் அன்றாட உடை பெரும்பாலும் பழுப்புத்தான். கடையில் நிறத்தைக் கண்டு மயங்குகிறவர்கள், ஒரு நிமிடம் வெள்ளை விளக்கைப் போடச் சொல்லிப் பார்ப்பது நலம்.

தோட்டத்தின் நடுவே பாசி மூடிய சாம்பல் நிறத் திட்டுகளும் இருந்தன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளைப் போலவே 2024 கோடையிலும் இந்த வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தன. பிழைத்தவை பிழைத்தன. மற்றவை இப்படிக் கிடந்தன. இதைக் காளவாய்க்காரர் எவரும் செய்யவில்லை. எந்தத் தொட்டிக்காரரும் செய்யவில்லை. உலகமெல்லாம் சேர்ந்து கடலைச் சூடாக்கியதன் கணக்கு அது. அப்படியானால் ஒரு பையன் ஒரு பவளத்தை வாங்குவதால் என்ன கெட்டுவிடும் என்று எங்களுக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் நோயாளியின் வீட்டில் போய் விருந்து கேட்பதில்லை அல்லவா?

தூத்துக்குடி திரும்பியதும், கல் எடுத்த காலத்தில் எங்கள் வீட்டு வள்ளத்தில் சென்ற பெரியவர் ஒருவரிடம் பேரனை அழைத்துப் போனோம். எண்பதைக் கடந்தவர். கடப்பாரையால் நெம்பி, மேலே கயிறு கட்டி இழுத்து, வள்ளத்தின் விளிம்பு நீரைத் தொடும்வரை ஏற்றியதைக் கைகளாலேயே நடித்துக் காட்டினார். உயிருள்ள கல் கரையில் இரண்டு நாள் கிடந்தால் எழும் நாற்றத்தைச் சொல்லி மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு எங்களைப் பார்த்து, "தம்பி, ஒரு வள்ளம் கல்லுக்கு என்ன கூலின்னு கேளுங்க, இப்பவும் சொல்லுவேன். அது முளைக்க எத்தனை வருசம்னு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லலியே" என்றார்.

தீவுகளுக்கு அரணாக நின்ற பாறைகளே அவை. தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் இன்று நீர்மட்டத்துக்கு மேலே இல்லை. கல் எடுத்தது அதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள். சட்டம் வந்த பிறகும், 2004 ஆழிப்பேரலையை நேரில் கண்ட பிறகுந்தான் கல் எடுப்பது அடங்கியது. ஏழைகள் வயிற்றுக்காகச் செய்ததைப் பழிக்க எங்களுக்கு நா எழவில்லை. அந்தச் சோற்றை உண்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

அதே கடலில் இன்று பவளம் நடுகிறார்கள் என்பதும் பேரன் அறியாத செய்தி. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் இந்தப் பணியைச் செய்து வருகின்றனர். நலமாக உள்ள பவளத்திலிருந்து சிறு கிளைகளை ஒடித்து, சிமெண்டுப் பலகைகளில் கட்டி, கடலடியில் சட்டங்கள்மேல் வைக்கிறார்கள். வேர் பிடிப்பது போலத் துண்டின் அடிச்சதை பலகைமேல் படர்ந்து ஒட்டிக்கொள்ளும். முருங்கைக் கொம்பை ஒடித்து நட்டால் தழைப்பதை அறிந்த நமக்கு இது புதிதன்று. பாலித் தீவின் பண்ணையிலும் நடப்பது இதுதான். இங்கே கடலுக்குத் திருப்பித் தருவதற்காக, அங்கே விற்பதற்காக.

அப்படியானால் பண்ணைப் பவளத்தையே வாங்கு என்று சொல்லி முடித்திருக்கலாம். முத்து விளைந்த ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு எளிதில் முடிக்க வராது. 1961க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973இல் இதே தூத்துக்குடியில் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். வளர்ப்பு முத்துக்கும் முதலில் ஒரு சிப்பி கடலிலிருந்து வந்தாக வேண்டும். பவளப் பண்ணைக்கும் முதல் தாய்ப் பவளம் கடலிலிருந்துதான் வருகிறது. அதிலிருந்து வெட்டிய துண்டுகள் வளர்ந்து, அவற்றிலிருந்து மீண்டும் துண்டு வெட்டிப் பண்ணை தன் காலில் நின்றால் நல்லது. அப்படியின்றி, நேற்றுக் கடலில் ஒடித்ததை இன்று சிமெண்டு வில்லையில் ஒட்டி 'பண்ணைச் சரக்கு' என்று விற்பவர்களும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்கும் வழியைப் பேரனே சொன்னான். வில்லையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பவளத்தின் சதை பசையை மூடி, வில்லையின்மேல் படர்ந்து விளிம்பை எட்டியிருந்தால் அது பல மாதம் அங்கேயே வளர்ந்தது. பசை பளிச்சென்று தெரிந்தால் ஐயப்பட வேண்டும். அடியில் உளியால் பெயர்த்த பாறையும், அதில் கடற்பஞ்சும் புழுக்கூடும் ஒட்டியிருந்தால் அது கடலில் பிறந்ததேதான். இறக்குமதிச் சீட்டும் ஒரு சாட்சி. அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தை ஒழுங்குபடுத்த 1973இல் ஏற்பட்ட 'சைட்டீஸ்' உடன்படிக்கையின்படி, கடலிலிருந்து எடுத்தவற்றுக்கு 'டபிள்யூ' என்றும், வளர்ப்பில் உண்டானவற்றுக்கு 'எஃப்' அல்லது 'சி' என்றும் சீட்டில் எழுத்துக் குறிப்பார்கள். கடைக்காரர் சீட்டைக் காட்டத் தயங்கினால் அதுவே ஒரு விடை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த ஊதாக்கிளை மான்கொம்புச் சாதி. கடும் வெளிச்சமும் ஓயாத நீரோட்டமும் வேண்டும். நீரின் உப்பும் சுண்ணாம்பும் சூடும் சிறிது ஏறி இறங்கினாலும் சில நாளில் தோல் உரிந்துவிடும். தட்டைப்புழு ஒட்டியிருந்தால் உள்ளிருப்பவற்றுக்கும் ஆபத்து. மருந்து நீரில் முக்கி, தனித்தொட்டியில் சில வாரம் வைத்துத்தான் சேர்க்க வேண்டும். மூளைப் பவளமோ பொறுமைசாலி. ஓராண்டே ஆன தொட்டிக்கு அதுதான் ஏற்றது. பண்ணைக் கிளையை வாங்கி மூன்று வாரத்தில் சாகடித்து, மறுபடியும் ஒன்று வாங்குவதில் கடலுக்கு என்ன நன்மை?

ஆனால் மூளைப் பவளத்தை ஒடித்து நட முடியாது. பாறைகளுக்கிடையே மணலில் தனித்துக் கிடக்கும் ஒற்றை உயிர் அது, மெல்ல வளர்வது. எடுப்பவர் எதையும் உடைப்பதில்லை, கையால் பொறுக்குகிறார் என்பது மெய். பொறுக்கியபின் அந்த இடத்தில் மிச்சம் ஒன்றும் இல்லை என்பதும் மெய்.

பொறுக்குகிறவரின் அடுப்பையும் நினைக்க வேண்டியிருந்தது. 2018இல் இந்தோனேசிய அரசு பவள ஏற்றுமதியை, பண்ணைப் பவளம் உட்பட, நிறுத்தி வைத்தது. 2020இல்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தக் கரையோர வீடுகள் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கக் கல் எடுத்த குடும்பத்துக்குக் கற்பனை தேவையில்லை. குளிர்நாடுகளில் விளக்கின் கீழ்த் தொட்டியிலேயே வளர்க்கப்படும் பவளத்தால் கடலுக்குச் சேதமில்லைதான். ஆனால் கடலோரத்தானுக்குக் கூலியும் இல்லை. கரையோரப் பண்ணையில் கூலியும் தங்குகிறது. தாய்ப்பவளம் கெடக்கூடாது என்று கடலைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இருக்கிறது. எங்கள் மனம் அந்தப் பக்கமே சாய்ந்தது. மூளைப் பவளம் வேண்டாம் என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னோம். கிளையைத் தொட்டி முதிர்ந்தபின் வாங்கலாம், அதுவரை இடம் காலியாகவே இருக்கட்டும் என்றோம். பதினான்கு வயதுக்குக் காலி இடம் எவ்வளவு பெரிய தண்டனை என்பதை முகம் சொல்லிற்று.

2025 மார்ச்சில் அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. அவர்கள் அடுக்குமாடிக் கட்டடத்திலேயே மூன்று மாடி கீழே இருக்கும் வகுப்புத் தோழன் ஒருவனின் தந்தை ஆறாண்டாகத் தொட்டி வைத்திருக்கிறாராம். முன்பு பண்ணையிலிருந்து வாங்கிய சுத்தியல் பவளம் ஒன்று, நுனிகள் சுத்தியல் தலை போன்றிருப்பதால் அந்தப் பெயர், கிளைவிட்டுப் பெருத்துத் தொட்டியை அடைத்துக்கொண்டதாம். இரண்டு தலைகளைச் சிறு இரம்பத்தால் அறுத்து, வாளி நீரில் வைத்துப் படியிறங்கிப் போன பேரனிடம் கொடுத்தார். அதிகம் பாடுபடுத்தாத சாதி. காசும் வாங்கவில்லை, எங்கள் மகள் ஒரு தட்டு முறுக்கு கொடுத்தனுப்பினாளாம்.

ஆகஸ்டில் மூன்றாவது தலை அரும்பியதாக மறுபடியும் படம் வந்தது. பச்சை நிறத்தில், அரிசி அளவில், உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. எங்கள் இருவரில் சமையலறை அதிகாரம் உடையவருக்கு, அது என்ன தின்னும் என்பதே பெருங்கவலை. வாரம் ஒருமுறை இறாலைப் பொடியாக நறுக்கிக் கொடுப்பதாகப் பேரன் சொன்னான். இங்கிருந்து நல்ல கூனி வாங்கி, காயவைத்து, ஒரு பொட்டலம் அனுப்பட்டுமா என்று கேட்டார். உப்புப் போட்டு உலர்த்தியது ஆகாதாம்.